வாய் நமநமங்குதா? எப்போது, எங்கே என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

"வாயைக் கட்டத் தெரியல." பாளையங்கோட்டையில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் எடையையும் சுகரையும் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லும்போதே தலை குனிந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. காலையில் ஜங்ஷனில் அல்வாக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறுகிறவர்தான், மாலையில் அதே கடை முன்னால் நின்றுவிடுகிறார். ஆளும் மாறவில்லை, கடையும் மாறவில்லை. மாறியது மணியும், வயிற்றின் நிலையும், அன்று காலை அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தடையும்தான். கோளாறை அங்கே தேட வேண்டும்.

ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பண்டத்துக்கு நாக்கு ஊறும்போதெல்லாம் மணி என்ன, எங்கே இருந்தீர்கள், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள், அந்தப் பண்டத்தைத் தொடக்கூடாது என்று ஏதாவது விதி வைத்திருந்தீர்களா என்று எழுதுங்கள். அதைத் தின்றீர்களா, இல்லையா என்பதை எழுத வேண்டாம். அதை எழுத ஆரம்பித்தால் நோட்டு குற்றப் பத்திரிகை ஆகிவிடும், மூன்றாம் நாள் மூடி வைத்துவிடுவீர்கள். வாரம் முடிந்ததும் உங்கள் நோட்டு கீழே உள்ள எந்த அறிகுறியோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

முதலில் இதை ஒதுக்குங்கள்: கை நடுங்கி, வேர்த்து, உடனே ஏதாவது திங்கணும் போல வருவது

சுகருக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு இப்படி வந்தால் அது ஆசை இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. வீட்டில் மிஷின் இருந்தால் பாருங்கள், பெரும்பாலும் 70-க்குக் கீழே இருக்கும். மிஷின் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். தேறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிட்டுவிட்டு, மாத்திரை அளவு பற்றி டாக்டரிடம் பேசுங்கள். இது அடிக்கடி வருகிறது என்றால் கீழே உள்ள எதையும் படிப்பதற்கு முன்னால் அந்த வேலையை முடியுங்கள்.

"சாயங்காலம் ஆனா வடையும் டீயும் உள்ள போகாம இருக்க முடியல"

நெல்லையில் அதிகம் கேட்கும் முறையீடு இது. நாலரை, ஐந்து மணிக்கு டீக்கடைச் சட்டியில் ஆமவடை பொரிகிறது. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை அல்வாக் கடை திறக்கிறது. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட சோறு போன இடம் தெரியவில்லை.

இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானியர்கள் 1999-ல் கண்டுபிடித்தார்கள். பசியைக் கிளப்பும் இந்த ஹார்மோன், வயிறு காலியாவதை மட்டும் பார்த்துச் சுரப்பதில்லை. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது முன்கூட்டியே ஏறுகிறது. பல வருடமாக ஐந்து மணிக்கு வடை தின்றவருக்கு, ஐந்து மணியே பசியைக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். எந்த நிலையில் தின்கிறோமோ, அந்த நிலையோடு சேர்த்துத்தான் உடம்பு அந்தப் பண்டத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. 1999-ல் லண்டனில் கிப்சன், டெஸ்மண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு இரண்டு வாரம் பசித்த வேளையில் மட்டும் சாக்லேட். வேறு சிலருக்கு, சாப்பாடு முடிந்த கையோடு மட்டும் அதே சாக்லேட். பசியில் தின்றவர்களுக்குச் சாக்லேட் மேல் ஆசை கூடியது. வயிறு நிறைந்த பின் தின்றவர்களுக்குக் குறைந்தது. பண்டம் அதேதான், தின்ற வேளை மட்டும் வேறு.

நம் ஊரில் அல்வா தின்னும் விதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வேலை முடிந்து, மதியச் சோறு கரைந்து, வரிசையில் நின்று, நெய் வடியும் நூறு கிராமைச் சூடாக அங்கேயே வாயில் போடுகிறோம். ஆசையை வளர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. நான் அல்வாவை விடச் சொல்லவில்லை. திருநெல்வேலியில் பிறந்தவரிடம் அதைச் சொல்வது நியாயமும் இல்லை. வாங்குங்கள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு ஸ்பூன் எடுத்து உட்கார்ந்து தின்னுங்கள். வடையும் அப்படித்தான். மதியச் சோற்றோடு இரண்டு வடை வரட்டும், ஐந்து மணிக்கு வேண்டாம்.

அந்த ஐந்து மணியைச் சும்மாவும் விட முடியாது. நாலு மணிக்கே, ஆசை கிளம்பும் முன்னால், ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த பாசிப்பயறோ பனங்கிழங்கோ சாப்பிடுங்கள். மதியச் சாப்பாட்டையும் கவனியுங்கள். சோறும் ரசமும் அப்பளமும் மட்டும் என்றால் நாலு மணி தாண்டாது. நம் வீடுகளில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்த நாளில் சாயங்காலம் யாரும் டப்பாவைத் திறப்பதில்லை என்பதை எத்தனையோ பெண்கள் தாங்களாகவே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பருப்பில் உள்ள புரதமும், தோல் உளுந்தின் நாரும் செய்யும் வேலை அது.

மாற்றிய முதல் சில நாட்கள் பழைய மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும். பலமாகவே அடிக்கும். அது தோல்வியின் அடையாளம் இல்லை. கிடைக்காமல் கிடைக்காமல்தான் அந்த நேரத்தின் பழக்கம் தளரும். இரண்டு வாரம் விடாமல் பாருங்கள். நடுவில் ஒரு நாள் ஐந்து மணிக்கு டீக்கடையில் நின்றுவிட்டால் மறுநாள் தொடருங்கள்.

"நாலு நாள் பத்தியம் மாதிரி இருந்தேன், அஞ்சாம் நாள் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைக்குப் போயி எட்டு பரோட்டா"

இதற்கு நேரத்தைப் பார்க்க வேண்டாம், விதியைப் பாருங்கள். "இனிமே மைதாவே கிடையாது", "சீனி வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று நோட்டின் முதல் பக்கத்தில் ஏதாவது இருக்கும். பெரும்பாலும் அமாவாசையிலோ திங்கட்கிழமையிலோ ஆரம்பித்த விதி.

ஹெர்மன், மேக் என்ற உளவியலாளர்கள் 1975-ல் ஒன்றைக் காட்டினார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை இஷ்டம்போல் சாப்பிடச் சொன்னால், மில்க்‌ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்தது, இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான். "போனது போச்சு, இன்னைக்கு நல்லா சாப்பிட்டுட்டு நாளையிலிருந்து பாத்துக்கலாம்" என்று பிரானூர் பார்டரில் மூன்றாவது பரோட்டாவில் நாம் சொல்லிக்கொள்வதும் அதேதான். முதல் இரண்டு பரோட்டாவை ஆசை கேட்டது. மீதி ஆறையும் தின்ன வைத்தது உடைந்த விதி.

தடையே நினைப்பை வளர்க்கும் என்பதற்கு அதைவிடப் பழைய சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள். நாளாக ஆக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், கனவிலும் சாப்பாடு வந்தது. மனம் பலவீனமானதால் வந்த நிலை இல்லை அது. பட்டினி கிடந்த உடம்பு எல்லோரையும் அங்கேதான் கொண்டுபோகும்.

ஆகவே விதியை மாற்றி எழுதுங்கள். "கூடவே கூடாது" என்பதை அடித்துவிட்டு, எப்போது, எவ்வளவு, எதோடு என்று எழுதுங்கள். "ஞாயிறு மதியம், வீட்டாரோடு, இரண்டு பரோட்டா, கூட நாட்டுக்கோழியும் வெங்காயமும்." இந்த விதி உடைவதற்கு வழி குறைவு. அடுத்தது, உடைந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி இப்போதே எழுதிவையுங்கள்: அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. மறுநாள் காலை இட்லியைத் தியாகம் செய்யவே கூடாது. தண்டனையாகக் காலைச் சாப்பாட்டை விட்டால் சாயங்காலம் மறுபடி பார்டரில்தான் நிற்பீர்கள், அடுத்த சுற்று அங்கே தொடங்கும்.

எடை குறைக்கவே கூடாது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவைக் குறைத்தும், பருப்பு காய்கறியைக் கூட்டியும், வயிறு காயாமல் எடை குறைக்கிறவர்களுக்கு ஆசை கூடாமலே நடக்கிறது. கேடு செய்வது பட்டினியும் முழுத் தடையும் சேர்ந்த கூட்டு.

"சஷ்டிக்கு ஆறு நாளும் இருந்துட்டேன், சாதாரண நாள்ல ஒரு முறுக்கை விட முடியல"

இதைச் சொல்கிறவர்கள் பெரும் குழப்பத்தோடு சொல்கிறார்கள். ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் வரை பாலும் பழமுமாக இருந்தவருக்கு முறுக்கு ஞாபகமே வரவில்லை. கார்த்திகையில் அதே முறுக்கு டப்பாவுக்குள்ளிருந்து கூப்பிடுகிறது.

இஸ்ரேலிய ஆய்வாளர் ரூவன் டார் 2010-ல் வெளியிட்ட ஆய்வு சிகரெட்டைப் பற்றியது. ஆனால் விரதத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. புகைப்பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களைக் குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் கவனித்தார். குறுகிய பயணத்தில் விமானம் இறங்கப்போகும் வேளையில் சிகரெட் ஆசை உச்சத்துக்குப் போனது. நீண்ட பயணத்தில் அதே அளவு மணி நேரம் கழிந்திருந்தும் ஆசை அந்த அளவு இல்லை. அங்கேயும் இறங்கும் நேரம் வந்தபோதுதான் ஏறியது. எத்தனை நேரம் ஆயிற்று என்பதைவிட, இதோ கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பே ஆசையைக் கிளப்புகிறது.

சஷ்டியில் வீடே விரதம், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை, முடியும் நாள் எல்லோருக்கும் தெரியும். ஆறு நாளுக்குள் முறுக்குக்கு வாய்ப்பே இல்லை என்பதால் மனம் அந்தப் பக்கம் போவதில்லை. சாதாரண நாளில் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைக் கண்ணெதிரே அலமாரியில் வைத்திருக்கிறோம். கிடைக்குமா, கிடைக்காதா என்ற இழுபறியில் ஆசை கொழுக்கிறது. வாரநாட்களில் டப்பாவை வீட்டில் வைக்காதீர்கள், வெள்ளிக்கிழமை வாங்கும்போது சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குங்கள். இது முழுத் தடை இல்லை, கிடைக்கும் நாள் நிச்சயமாக இருக்கிறது. முந்தைய அறிகுறிக்குச் சொன்னதோடு இது முரண்படவில்லை.

விரதம், நோன்பு முடிக்கும் வேளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் நோன்பு திறந்ததும் நோன்புக் கஞ்சி குடிக்கிற வழக்கம் மிக நல்லது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, தொழுகை, பிறகு மற்றதெல்லாம் என்ற வரிசையைக் காப்பாற்றுங்கள். நாளெல்லாம் காய்ந்த வயிற்றில் முதல் வாய் சமோசாவாக இருந்தால், மாதம் முடிந்த பிறகும் அந்தி சாயும் வேளையில் நாக்கு சமோசாவைத் தேடும். ஏகாதசி முடித்து எடுத்த எடுப்பில் வடை தின்பவர்களுக்கும் இதேதான். சுகர் மாத்திரை எடுப்பவர்கள் எந்த விரதத்துக்கும் முன்னால் டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

"வயிறு முட்டச் சாப்பிட்டாலும் இனிப்புக்கு மட்டும் இடம் இருக்கு"

கோளாறு இல்லை. ஒரே சுவையைத் தொடர்ந்து தின்றால் அந்தச் சுவை மட்டும் சலிக்கும், புதுச் சுவைக்கு நாக்கு திறந்தே இருக்கும். மறுவீட்டுப் பந்தியில் சொதி போதும் போதும் என்று கையை மறித்தவர் பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்குவது இதனால்தான். நாலு வாய் பாயசம் குடியுங்கள், மேலே படியுங்கள்.

"பச்சரிசியை மெல்லாம இருக்க முடியல"

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, திருநீறு, அடுப்புச் சாம்பல், மழை பெய்ததும் வாசம் அடிக்கும் மண், ஃபிரிட்ஜில் இருந்து ஐஸ் கட்டி. இவற்றுக்கு ஆசை வருவதற்கும் மேலே சொன்ன எதற்கும் சம்பந்தம் கிடையாது. பெரும்பாலும் உடம்பில் இரும்புச்சத்து வற்றிவிட்டது என்று அர்த்தம்.

நம் வீடுகளில் இதற்குக் கிடைப்பது வசவும் கேலியும்தான். "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று ஆச்சி சொல்வாள். பிள்ளை அரிசிப் பானைக்கு ஒளிந்து ஒளிந்து போகும். கல்யாணமாகி மாசமாக இருக்கும் பெண் தின்றால் மசக்கை என்று விட்டுவிடுவார்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களில் சிலர், எழுந்தால் கணக்கு குறையும் என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு டீயிலேயே ஓட்டுகிறார்கள். மதியம் சாப்பிட்டதும் மறுபடி டீ. டீயும் காப்பியும் சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறவர்களுக்கு இது இரட்டை நஷ்டம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். வயது வந்த பெண்ணுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் அரிசி ஆசை தீரவில்லை என்றால் ஃபெரிடின் பரிசோதனை கேளுங்கள். உடம்பின் இரும்பு இருப்பு அதில்தான் தெரியும். கர்ப்பிணிகளுக்கு அரசே 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைத் தினம் ஒன்றாக 180 நாளுக்குக் கொடுக்கிறது. அதை எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ போடுங்கள். டீ, காப்பி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூட வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போகட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் வற்றிய உடம்புக்குக் கீரை மட்டும் போதாது.

மாத்திரை ஆரம்பித்துச் சில நாட்களிலோ வாரங்களிலோ, ஹீமோகுளோபின் முழுதாக ஏறும் முன்பே, பலருக்கு ஐஸ் ஆசையும் அரிசி ஆசையும் கழன்றுவிடுகின்றன. ஆசை போனதும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், டாக்டர் சொன்ன காலம் வரை போடுங்கள்.

"பிள்ளை சோறு உங்க மாட்டேங்கான், பாக்கெட் பாக்கெட்டா சிப்ஸ் கேக்கான்"

இரண்டு வீட்டுப் பழக்கங்கள் இதை வளர்க்கின்றன. உயரத்தில் டப்பாவை வைத்துக் கண்ணில் காட்டிக் கையில் கொடுக்காமல் இருப்பது ஒன்று. 1999-ல் ஃபிஷர், பர்ச் என்ற ஆய்வாளர்கள், குழந்தைகளுக்குத் தெரியும் இடத்தில் ஒரு தின்பண்டத்தை வைத்துத் தடுத்தபோது அதன் மேலேயே பேச்சும் கண்ணும் ஓடுவதைப் பதிவு செய்தார்கள். மற்றது, "ரெண்டு வாய் சோறு திண்ணா முட்டாய் தாரேன்" என்பது. முட்டாய்தான் பரிசு, சோறு அதற்குக் கட்டும் அபராதம் என்று பிள்ளை படித்துக்கொள்கிறது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ கருப்பட்டி மிட்டாயோ, ஒரு துண்டைச் சோற்றுத் தட்டிலேயே சோற்றோடு வைத்துவிடுங்கள். முதலில் அதைத்தான் எடுக்கும், எடுக்கட்டும். நிபந்தனை வேண்டாம், இன்னொரு துண்டும் வேண்டாம். சிப்ஸ் பாக்கெட்டை வீட்டில் வாங்கி அடுக்காதீர்கள். தாத்தாவையும் ஆச்சியையும் கூட்டத்தில் வைத்துக் கண்டிக்காமல் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவர்கள் கையில்தான் பாதி வேலை இருக்கிறது.

"சீனியை விட்டுட்டு கருப்பட்டிக்கு மாறிட்டேன், ஆனா காப்பி மூணு வேளை ஆயிட்டு"

கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். சுகர் உள்ளவருக்கு அது விலக்கில்லாத பண்டம் என்று ஒரு விதி ஊரெல்லாம் பரவியிருக்கிறது, அதனால்தான் டம்ளர் கூடுகிறது. உடன்குடிக் கருப்பட்டியின் மணம் வேண்டும் என்றால் ஒரு வேளை, சின்ன டம்ளர், பலகாரம் இல்லாமல். மற்ற வேளைக்கு இனிப்பில்லாத சுக்குக் காப்பி.

"ராத்திரி பத்து மணிக்கு மேல ஃபோனும் கையுமா மிக்சர்"

நோட்டில் எப்போதும் அதே சோபா, அதே நேரம் வந்தால், ஆசை அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தின்பதைச் சாப்பிடும் இடத்தில் மட்டும் என்று வையுங்கள். மிக்சர் வேண்டுமா, எழுந்து போய்த் தட்டில் போட்டு, ஃபோனை வைத்துவிட்டுத் தின்னுங்கள். பல நாள் எழுந்திருக்கவே தோன்றாது.

தூக்கத்தையும் பாருங்கள். சிகாகோவில் 2004-ல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்க வைத்துப் பார்த்தபோது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது, பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. அவர்கள் அதிகம் விரும்பியதும் இனிப்பும் உப்பு நொறுக்கும்தான். இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் வேலைக்குப் போகுமுன் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, நடுவில் தின்ன அவித்த கடலையோ முட்டையோ கையில் கொண்டுபோங்கள்.

எதைச் செய்தும் நிற்கவில்லை என்றால்

யாருக்கும் தெரியாமல் ஒளித்துத் தின்பது, நிறுத்த முடியாமல் குறுகிய நேரத்தில் ஏராளமாகத் தின்பது, தின்றதை விரல்விட்டு வாந்தி எடுப்பது, சாப்பிட்ட பிறகு தன்னையே வெறுப்பது. இவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் விதியை மாற்றி எழுதுவதால் தீராது. சிகிச்சை உள்ள நோய் அது. பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழில் பேசலாம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்குப் பதில் அதில் ஏற்கனவே இருக்கும்.